கதவே இல்லாத காரு... கட்டி இழுத்த கதை!

முதல்ல ஒரு கேள்வி. பார்ட் டைம் வேலை பார்த்துச் சேர்த்த காசு மொத்தத்தையும் கொண்டுபோய், பேரே தெரியாத ஒரு காருக்குக் கொடுப்பீங்களா? அதுவும் ஓடாத காரு. கதவே இல்லாத காரு! 'சான்ஸே இல்லை'னு சொல்றவங்க புத்திசாலிங்க. என் ரூம்மேட் அந்த ரகம் இல்லை. 'என் பேரைப் போட்டு மானத்தை வாங்கிடாதடா'னு கெஞ்சினதால, இந்தக் கட்டுரை முழுக்க அவன் வெறும் 'மாப்ள'தான்!

நாங்க இருக்கிறது இங்கிலாந்துல, கோவென்ட்ரி. டெய்ம்லர், ட்ரையம்ஃப், ஜாகுவார்னு ஒரு காலத்துல கார் கம்பெனிகள் வரிசை கட்டி நின்ன ஊர். எம்.எஸ்ஸி. படிக்க வந்து எனக்கு ஒன்பது மாசம். மாப்ள சீனியர். வந்து நாலு வருஷம் ஆச்சு. ஒரு ஒர்க்‌ஷாப்ல வேலை, கையில உள்ளூர் லைசென்ஸ், தலை நிறைய கார்.

ஒரு நாள் ராத்திரி ஒரு விளம்பரத்தைக் காட்டினான். 'ஃபைபர் உடம்பு ஸ்போர்ட்ஸ் கார். பின்னால் ஃபோக்ஸ்வேகன் எஞ்சின். பல வருஷமாக ஓடவில்லை. 700 பவுண்டு. நீங்களே வந்து எடுத்துப் போகவும்.' கூடவே மங்கலா ஒரு போட்டோ. தார்ப்பாய்க்கு அடியில ஏதோ ஒண்ணு தரையோட தரையா ஒட்டிக்கிட்டு இருந்துச்சு.

"என்ன காருடா இது?"

"அதைக் கண்டுபிடிக்கத்தான் மாப்ள போறோம். இது கிட் கார்!"

பார்சல்ல வந்த காரு

கிட் கார்னா என்னன்னு கேக்கறீங்களா? முழுக் காரையும் கம்பெனி செஞ்சு தராது. உடம்பு, சட்டம், சில பாகங்களை மட்டும் பார்சலா அனுப்பும். எஞ்சின், கியர்பாக்ஸ், அச்சு எல்லாம் ஏதாவது ஒரு பழைய காரைப் பிரிச்சு நீங்க எடுத்துக்கணும். அந்தப் பாவப்பட்ட காருக்கு 'டோனர்'னு பேரு. ரத்த தானம் மாதிரி, இது எஞ்சின் தானம்!

இங்கிலாந்துல இது பெருசா வளர்ந்ததுக்குக் காரணம், ஆசை பாதி, வரி பாதி. முழுக் காரா வாங்கினா கொள்முதல் வரி கட்டணும். பாகங்களா வாங்கி வீட்டுல மாட்டிக்கிட்டா வரி இல்லை. 1957-ல் காலின் சாப்மன் கொண்டுவந்த லோட்டஸ் செவன் இப்படித்தான் வீட்டு ஷெட்டுகள்ல பிறந்துச்சு. இதுல ஒரு கதை சொல்வாங்க. காரை எப்படி மாட்டணும்னு புத்தகம் கொடுத்தா வரிக்காரங்க பிடிப்பாங்களாம். அதனால எப்படிக் கழட்டணும்னு புத்தகம் கொடுத்துட்டு, பின்னாலிருந்து படிச்சுக்கோங்கன்னு விட்டுட்டாங்களாம். எப்படி ஐடியா! 1973-ல் வாட் வரி வந்ததும் அந்தச் சலுகை போச்சு. ஆனா ஆசை போகலை.

ஆனா பழைய கிட் காரை இன்னொருத்தர்கிட்ட வாங்குறப்போதான் சிக்கலே. உடம்பு ஒரு கம்பெனி, எஞ்சின் இன்னொரு கம்பெனி, விளக்கு மூணாவது கம்பெனி. மேலே பேர்ப்பலகையும் இருக்காது. இருந்தாலும் நம்பக் கூடாது, பத்து பவுண்டுக்கு எந்தப் பேரையும் வாங்கி ஒட்டிக்கலாம். அப்ப அந்தக் கார் யாரு? ஆதார் இல்லாத ஆளை அடையாளம் காட்டுற மாதிரிதான்.

கடலுக்குக் கீழே ஒரு நாடு

சனிக்கிழமை காலை ஆறு மணி. ஒர்க்‌ஷாப் முதலாளியோட டீசல் எஸ்டேட் கார், வாடகைக்கு எடுத்த நாலு சக்கர ட்ரெய்லர், கயிறு, பட்டை, பலகை, காத்தடிக்கிற பம்பு, அப்புறம்... எங்க பாத்ரூம்ல கிடந்த எடை பார்க்கிற மெஷின். "இது எதுக்குடா?"ன்னேன். "அப்புறம் சொல்றேன்"னான். அந்த 'அப்புறம்' எப்ப வந்துச்சுங்கிறதுதான் இந்தக் கதையோட க்ளைமாக்ஸ்.

எம்6, ஏ14 பிடிச்சு கிழக்கே சுமார் 120 கிலோமீட்டர். போற இடம் சாட்டரிஸ் ஊர்ப்பக்கம் ஒரு சின்ன கிராமம். அந்த ஏரியாவுக்கே 'ஃபென்ஸ்'னு பேரு. இங்கிலாந்துன்னா பச்சைக் குன்று, ஆட்டு மந்தைன்னு நினைச்சுட்டு இருந்தேன். ம்ஹூம்! இங்கே குன்றும் இல்லை, மேடும் இல்லை. கண்ணுக்கு எட்டுற வரைக்கும் தட்டையா கறுப்பு மண். உருளைக்கிழங்கு, கோதுமை, சர்க்கரைக் கிழங்குப் பீட். நடுநடுவே ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி வாய்க்கால்கள். மேலே வானம், வானம், வானம் மட்டும்தான்.

ஒரு காலத்துல இது மொத்தமும் சதுப்பு நிலம். 17-ஆம் நூற்றாண்டுல கொர்னேலியஸ் வெர்முய்டன்கிற டச்சுக்காரர் வந்து, கால்வாய் வெட்டித் தண்ணியை வடிச்சார். நிலம் கிடைச்சுது. ஆனா தண்ணி போனதும் அந்த மண் காய்ஞ்சு சுருங்க ஆரம்பிச்சுடுச்சு! இன்னும் சுருங்கிட்டே இருக்கு.

அதைக் கண்ணால பார்க்கணும்னா ஹோம் ஃபென் போகணும். வழியிலேயே இருந்ததால அரை மணி நேரம் இறங்கினோம். பிர்ச் மரக் காட்டுக்குள்ள ஓர் இரும்புத் தூண். 1850-களில் அதைப் பூமியில இறக்கினப்போ தூணோட தலை தரை மட்டத்துல இருந்துச்சு. இப்ப? தரைக்கு மேல சுமார் 4 மீட்டர் நிக்குது! தூண் வளரலை ஃப்ரெண்ட்ஸ், பூமி இறங்கியிருக்கு. பிரிட்டன்லயே தாழ்வான இடம் இதுதான். கடல் மட்டத்துக்கு 2.75 மீட்டர் கீழே. அண்ணாந்து தூணோட உச்சியைப் பார்க்கிறப்போ, கடலோட அடியில நின்னு மேலே பார்க்கிற மாதிரி உடம்பு ஒரு தடவை சிலிர்த்துடுச்சு.

இந்த மண் சமாசாரத்தை ஏன் இவ்வளவு நேரம் சொல்றேன்னா, மேலே போட்ட ரோடும் சேர்ந்து இறங்குது. ஓர் இடம் அதிகமா, ஓர் இடம் கம்மியா. அதனால ஃபென்ஸ் ரோடு பார்க்க நேரா இருக்கும், போனா கடல் அலை மாதிரி தூக்கித் தூக்கிப் போடும். ரெண்டு பக்கமும் தடுப்புச் சுவர் இல்லாத வாய்க்கால் வேற. காலி ட்ரெய்லரே பின்னால 'தடால் தடால்'னு குதிச்சுட்டு வந்துச்சு. திரும்பி வர்றப்போ அதுல கார் இருக்கும். மாப்ள முகத்துல முதல் தடவையா லேசா கலவரம்.

கம்பளத்துக்குக் கீழே ஒன்பது எண்

பண்ணை வீட்டுல எழுபது தாண்டின ஒரு பாட்டி. "என் வீட்டுக்காரர் கட்டினது. அவர் போய் ரெண்டு வருஷம் ஆச்சு. ஷெட்டைக் காலி பண்ணணும் பசங்களா. அது என்ன காருன்னு எனக்குத் தெரியாது. நான் அதை விண்வெளிக் கப்பல்னுதான் சொல்வேன்"னு டீயை நீட்டினாங்க.

தார்ப்பாயை எடுத்ததும் ஒரு நிமிஷம் ரெண்டு பேருக்கும் பேச்சே வரலை. இடுப்பு உயரம்தான் இருக்கும். ஆப்பு மாதிரி மூக்கு. கதவைத் தேடித் தடவினா, கதவே கிடையாது! கண்ணாடியோட சேர்ந்து கூரையே மேலே தூக்குற மாதிரி அமைப்பு. போர் விமானத்துல ஏறுற மாதிரி ஏறி உள்ளே குதிக்கணும்.

மாப்ள மயங்கி நிப்பான்னு பார்த்தா, டார்ச்சை எடுத்துக்கிட்டுக் கீழே படுத்துட்டான். இங்கேதான் அவன்கிட்ட நான் பாடம் கத்துக்கிட்டேன். நீங்களும் கத்துக்கோங்க. கிட் காரை மேலே பார்த்து அடையாளம் காணக் கூடாது. கீழே இருந்து ஆரம்பிக்கணும்.

முதல்ல சக்கரம். ஒரு சக்கரத்துக்கு எத்தனை போல்ட்? பழைய பீட்டில்னா 5. 1960-களின் பிற்பகுதியில வந்ததுல பெரும்பாலும் 4. இங்கே 4. அடுத்து அடித்தளம். நடுவுல முதுகெலும்பு மாதிரி ஒரு குழாய், முன்னால டார்ஷன் பார் அச்சு, பின்னால காத்துல குளிர்ற எஞ்சின். ஆக, தானம் கொடுத்த புண்ணியவான் ஃபோக்ஸ்வேகன் பீட்டில்தான்.

கடைசியா, முக்கியமானது... எண். பீட்டில்ல சேஸிஸ் எண்ணை அந்த முதுகெலும்புக் குழாய் மேலேயே, பின் சீட்டுக்கு அடியில குத்தியிருப்பாங்க. உடம்பை மாத்தினாலும் அந்த எண் தரையோட இருக்கும். மாப்ள சீட்டுக்குப் பின்னால மக்கிப்போன கம்பளத்தைக் கிழிச்சான். துரு. கம்பித் தூரிகையால தேய்ச்சான். நான் கையில பாட்டி கொடுத்த பதிவுப் புத்தகத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.

இந்த இடத்துலதான் 700 பவுண்டும் தொங்கிட்டு இருந்துச்சு. எண் பொருந்தலைன்னா அந்தக் கார் யாருன்னே தெரியாது. திருட்டு வண்டியோட அடித்தளமா இருக்கலாம், ரெண்டு காரை வெட்டி ஒட்டினதா இருக்கலாம். இங்கே வயசோ அடையாளமோ உறுதியாகாத வண்டிக்கு 'க்யூ'ங்கிற எழுத்துல ஆரம்பிக்கிற நம்பர் பிளேட் கொடுப்பாங்க. அதுக்கும் முன்னால ஆயிரம் சோதனை.

"ஒண்ணு... ஒண்ணு... எட்டு..."

"மேல படி மாப்ள."

ஒன்பது எண்ணும் பொருந்துச்சு! 118-ல் ஆரம்பிச்சதால 1968-ஆம் வருஷ மாடல்னும் தெரிஞ்சுது. அந்தக் காலத்து ஃபோக்ஸ்வேகன் எண்ணுல மூணாவது இலக்கம்தான் வருஷத்தைச் சொல்லும்.

ஆனா புத்தகத்துல 'ஃபோக்ஸ்வேகன், சலூன்'னு போட்டிருந்துச்சு. எதிரே நிக்கிறது சலூனா? கூரையைத் தூக்கிக்கிட்டு முதலை மாதிரி வாயைப் பிளந்துட்டு நிக்குது! உடம்பு மாறினதை அந்தத் தாத்தா வண்டிப் பதிவு அலுவலகத்துக்குச் சொல்லவே இல்லை. இப்படியே ஓட்டினா இன்ஷூரன்ஸ்காரங்க ஒரு விபத்துன்னு வந்தா கையை விரிச்சுடலாம். உடம்பு எதுன்னு ஆதாரத்தோட சொல்லித் திருத்தணும்.

மாப்ளக்கு அதுக்கும் பதில் தெரிஞ்சிருந்துச்சு. என் காதுகிட்ட வந்து, "நோவா"ன்னான். குரல் நடுங்குச்சு.

1971-ல் ரிச்சர்ட் ஓக்ஸ், ஃபில் சேயர்ஸ்னு ரெண்டு பேர் இங்கிலாந்துல உருவாக்கின கிட் கார் நோவா. பீட்டிலோட அடித்தளத்தை வெட்டாம, அது மேலே அப்படியே உட்கார்ற ஃபைபர் உடம்பு. இதே வடிவம் அமெரிக்காவுல ஸ்டெர்லிங், ஆஸ்திரேலியாவுல பர்விஸ் யுரேகான்னு பேரை மாத்திக்கிட்டு ஊர் சுத்துச்சு. ரசிகர்கள் இன்னிக்கும் தேடுற காரு. 700 பவுண்டுங்கிறது ரொம்பக் குறைச்சல்.

சொல்றதா, வேண்டாமா?

ஷெட்டுக்குள்ள ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். பாட்டிக்கு அது என்ன காருன்னே தெரியாது. வாயை மூடிக்கிட்டு 700-ஐ எண்ணி வெச்சா வேலை முடிஞ்சுது. நான், உண்மையைச் சொல்றேன், "பேசாம ஏத்திடலாம்டா"ன்னேன்.

மாப்ள நேரா சமையலறைக்குப் போனான். "மேடம், இது சாதாரண கிட் கார் இல்லை. இதோட பேரு நோவா. நீங்க கேட்டதை விட அதிகமா போகும். எங்கிட்ட மொத்தமே 1,100 தான் இருக்கு. வேற யாருக்காவது கொடுக்கணும்னா கொடுங்க. நாங்க போயிடறோம்."

பாட்டி ரொம்ப நேரம் ஜன்னல் வழியா ஷெட்டையே பார்த்துட்டு இருந்தாங்க. அப்புறம் மாடிக்குப் போய் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவோட வந்தாங்க. உள்ளே 1974-ல் அந்தத் தாத்தா உடம்பு வாங்கின ரசீது, ஒவ்வொரு பாகத்துக்கும் பில், பீட்டிலைப் பிரிச்சதுல இருந்து பெயின்ட் அடிச்சது வரைக்கும் வரிசையா போட்டோ! புத்தகத்தைத் திருத்த இதைவிடப் பெரிய ஆதாரம் கிடையாது. "காரை மட்டும் கொடுத்துட்டு இதை எரிச்சுடலாம்னு இருந்தேன்"னாங்க.

900 பவுண்டுக்குப் பேசி முடிச்சோம். டப்பாவுல இருந்து ஒரே ஒரு போட்டோவை மட்டும் எடுத்து வெச்சுக்கிட்டாங்க. தாத்தா கூரையைத் தூக்கிக்கிட்டுச் சிரிக்கிற போட்டோ. "ஓடுனதும் கொண்டு வந்து காட்டணும். ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போகணும்." இதுதான் கண்டிஷன்.

மாப்ள வாயைத் திறக்காம இருந்திருந்தா அந்த டப்பா அடுப்புக்குப் போயிருக்கும். எனக்கு அன்னிக்கு டீ கொஞ்சம் தொண்டையில இறங்கலை.

வாலை ஆட்டிய வண்டி

செத்த டயருக்குக் காத்தடிச்சு, இறுகிப்போன பிரேக்கைத் தட்டித் தளர்த்தி, சரிவுப் பலகை தட்டாம இருக்க இன்னும் ரெண்டு பலகை சேர்த்து, மூக்கு முன்னால இருக்கிற மாதிரி வின்ச்சால இழுத்து ஏத்தறதுக்குள்ள மணி அஞ்சு. சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வெச்சு, நாலு பட்டை போட்டுக் கட்டினோம். ஃபைபர் உடம்பு மேலே பட்டை போட்டா உடைஞ்சுடும், அதனால சக்கரத்துலயும் அச்சுலயும் மட்டும். மழை தூற ஆரம்பிச்சதும் "கிளம்பலாம் கிளம்பலாம்"னு நான்தான் அவசரப்படுத்தினேன். எடை மெஷின் கார் டிக்கியிலேயே தூங்கிடுச்சு.

ஃபென்ஸ் ரோட்டுல உருட்டிக்கிட்டு வந்தப்போ ஒண்ணும் தெரியலை. பத்து மைல்ல நிறுத்திப் பட்டையைப் பார்த்தா, ரெண்டு தளர்ந்திருந்துச்சு. இறுக்கினோம். ஹண்டிங்டன் தாண்டி ஏ14. வேகம் 55 மைல். பக்கத்துல ஒரு பெரிய கன்டெய்னர் லாரி கடந்து போச்சு. அவ்வளவுதான்!

பின்னால யாரோ காரோட பம்பரைப் பிடிச்சு இடமும் வலமும் ஆட்டுற மாதிரி இருந்துச்சு. ஒரு ஆட்டம்... ரெண்டு... மூணாவது ஆட்டத்துல கண்ணாடியில ட்ரெய்லரோட பக்கவாட்டே தெரிஞ்சுது. "பிரேக் போடுடா!"ன்னு கத்தினேன். நல்லவேளை, அவன் போடலை. ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுத்தான். ஸ்டியரிங்கை நேரா பிடிச்சான். பிடிச்சுக்கிட்டே இருந்தான். வேகம் 50, 45, 40... ஆட்டம் அடங்குச்சு. அந்தச் சில செகண்ட் எனக்கு ஒரு செமஸ்டர் மாதிரி போச்சு.

அடுத்த வெளிவழியில இறங்கி, லாரிகள் நிக்கிற ஒரு இடத்துல ஓரங்கட்டினோம். மாப்ள ஒண்ணும் பேசாம எடை மெஷினை எடுத்து, ட்ரெய்லரோட கொக்கிக்கு அடியில ஒரு கட்டையை வெச்சு அது மேல இறக்கினான். 20 கிலோ!

விஷயம் இதுதான். ட்ரெய்லரும் காரும் சேர்ந்து எங்களுக்குச் சுமார் 1,300 கிலோ. அதுல 5-லிருந்து 7 சதவிகிதம் வரை, அதாவது 65-லிருந்து 90 கிலோ வரை, கொக்கி மேல அழுத்தணும். சீசா பலகை மாதிரி நினைச்சுக்கோங்க. அச்சுக்குப் பின்னால கனம் கூடினா முன்னால தூக்கும். கொக்கி தூக்கினா இழுக்கிற காரோட பின் சக்கரப் பிடிமானம் குறையும். ஒரு லாரிக் காத்து போதும், வால் ஆட ஆரம்பிச்சுடும். நாங்க ஏத்தின காருக்கு எஞ்சின் எங்கே? பின்னால! மூக்கை முன்னால வெச்சு ஏத்தி, மொத்தக் கனத்தையும் வாலுக்குக் கொடுத்துட்டோம். ரெண்டு பேரும் ஆட்டோமொபைல் படிக்கிறோம்னு வெளியே சொல்லாதீங்க!

எங்க கூத்தைப் பார்த்துட்டு போலந்துக்கார லாரி டிரைவர் ஒருத்தர் இறங்கி வந்தார். பாஷை அரைகுறை, கை பலம் முழுசு. மூணு பேருமா காரை இறக்கி, கையாலயே தள்ளித் திருப்பி, பின்பக்கம் முன்னால வர்ற மாதிரி ஏத்தினோம். மெஷின்ல 80 கிலோ. திருப்பி ஏத்தினா காத்து எதிர்ப்பக்கமா நுழைஞ்சு மூடிகளைத் தூக்கலாம்னு அவரே கூரையையும் எஞ்சின் மூடியையும் மெத்துனு துணி வெச்சுக் கட்டிக் கொடுத்தார். காசு நீட்டினோம், வாங்கலை. பாட்டி கொடுத்த பிஸ்கட்டை மட்டும் வாங்கிக்கிட்டார்.

அதுக்கப்புறம் 50 மைலுக்கு மேல போகலை. லாரிகள் கடந்து போச்சு. ட்ரெய்லர் அசையவே இல்லை. ராத்திரி பதினொண்ணே கால், கோவென்ட்ரி.

நம்ம ஊருக்கு என்ன?

'நம்ம ஊர்ல இப்படிக் கார் கட்டலாமா?'ன்னு உங்க கை துறுதுறுக்கும். பொறுங்க பாஸ்! மோட்டார் வாகனச் சட்டத்தோட 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாத்த விடாது. உச்ச நீதிமன்றமும் 2019-ல் அதை உறுதி பண்ணியிருக்கு. ஆனா பாஜா, ஃபார்முலா பாரத் போட்டிகளுக்குக் கார் கட்டுற டீம் உங்க காலேஜ்லயே இருக்கலாம். கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேக்கு லாரியில வண்டியை ஏத்தறப்போ, இந்தக் கட்டுற பாடம் அப்படியே பொருந்தும்.

நோவா இப்ப ஒர்க்‌ஷாப் மூலையில நிக்குது. ரசீது, போட்டோ நகல் எல்லாம் சேர்த்து ஸ்வான்ஸீயில இருக்கிற பதிவு அலுவலகத்துக்கு அனுப்பியாச்சு. பதிலுக்குக் காத்திருக்கோம். தினமும் ராத்திரி மாப்ள எஞ்சினைப் பிரிக்கிறான், நான் டார்ச் பிடிக்கிறேன். இந்தத் தடவை யாரையும் அவசரப்படுத்தறது இல்லை. பாட்டிக்கு ஒரு ரவுண்டு பாக்கி இருக்கே!

இழுக்கப் போறீங்களா? இதைக் கிழிச்சு வெச்சுக்கோங்க!

* பணம் கொடுக்கிறதுக்கு முன்னால சேஸிஸ் எண்ணைக் கண்ணால பாருங்க. பதிவுப் புத்தகத்தோட ஒவ்வொரு எழுத்தும் பொருந்தணும். இங்கிலாந்துல அந்தப் புத்தகம் காட்டுறது யார் பேருல பதிவாகியிருக்குங்கிறதை மட்டும்தான். சொந்தக்காரர் யாருன்னு ரசீதுதான் சொல்லும்.

* போல்ட், அச்சு, எஞ்சின், விளக்குன்னு டோனர் காரை முதல்ல கண்டுபிடிங்க. உடம்போட பேரு அப்புறம்.

* பிரிட்டன்ல 2021 டிசம்பர் 16-லிருந்து சாதாரண கார் லைசென்ஸ்லயே 3,500 கிலோ வரைக்கும் ட்ரெய்லர் இழுக்கலாம். ஆனா உங்க கார் எவ்வளவு இழுக்கும்ங்கிறது வேற கணக்கு. காரோட தகட்டுல பாருங்க.

* 750 கிலோவுக்கு மேலன்னா ட்ரெய்லருக்குன்னு தனி பிரேக் கட்டாயம். கொக்கி கழண்டா அந்த பிரேக்கை இழுத்துவிடுற பாதுகாப்புக் கம்பியை மாட்ட மறக்காதீங்க.

* வின்ச் ஏத்தறதுக்கு மட்டும்தான். அதை நம்பி ஓட்டாதீங்க. நாலு பட்டையும் தனியா வேணும்.

* வேகம்: ஒற்றை ரோட்டுல 50 மைல், இரட்டை ரோட்டுலயும் மோட்டார்வேயிலும் 60. மூணு லேன் மோட்டார்வேயில வலது கோடி லேன் உங்களுக்கு இல்லை.

* ஆட ஆரம்பிச்சா பிரேக் வேண்டாம், ஸ்டியரிங்கை வெட்ட வேண்டாம். காலை எடுங்க, நேரா பிடிங்க.

* முக்கியமா, எடை மெஷினை டிக்கியில தூங்க விடாதீங்க!